மாட்டுச் சந்தை நிலவரம்: மாடு வளர்ப்போர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு குரல் பதிவு. மூன்று நிமிடம்தான். அன்றைய மாட்டுச் சந்தை நிலவரத்தைச் சொல்லி, ஈரோடு, திருப்பூர் பக்கம் மாடு வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவேன். கால்நடை விரிவாக்க வேலையில் ஊசி, தீவனம், மடிநோய் என்று எத்தனையோ பேசியிருக்கிறேன். ஆனால் இந்த மூன்று நிமிடத்துக்கு வரும் போன் வேறு எதற்கும் வந்ததில்லை. வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்கும் ஆள்தான் வேறு. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்களில் வரும் மாட்டு விலைகள் எல்லாம் விளக்கத்துக்கான மாதிரி. இந்த வார விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தை நிலவரம்னு அனுப்பறீங்களே, அதுல என்னதாங்க இருக்கும்?

சந்தைக்கு மாடு வரத்து எப்படி, எந்த மாடு என்ன விலைக்கு முடிந்தது, விற்காமல் எவ்வளவு திரும்பிப் போனது. இந்த மூன்றும் எல்லா வாரமும் இருக்கும். அதன்பின் பால் விலையிலோ தீவன விலையிலோ மாற்றம் இருந்தால் ஒரு வரி, அடுத்த வாரம் சந்தை உண்டா இல்லையா என்று ஒரு வரி.

ஒரு பதிவு இப்படிப் போகும்: "இன்று கருங்கல்பாளையம். வரத்து போன வாரத்தைவிடக் கம்மி, கேரள வண்டி வழக்கம்போல். ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து, கன்று போட்டு ஒரு மாதத்துக்குள், வேளைக்கு ஐந்து லிட்டர்: நாற்பத்தி நாலாயிரத்தில் இருந்து நாற்பத்தெட்டு, நடு விலை நாற்பத்தாறு. பார்த்தது பதினான்கு மாடு. பதினோரு மணிக்குமேல் ஆயிரம், இரண்டாயிரம் இறங்கியது." ஈத்து என்றால் மாடு எத்தனை தடவை கன்று போட்டது என்ற கணக்கு. சினை மாடு, கிடேரி (இன்னும் கன்று போடாத இளம் பசு), எருமை, பால் வற்றின மாடு எல்லாவற்றுக்கும் இதே அளவில்தான்.

நான் சந்தைப் பக்கமே போறதில்லைங்க. வியாபாரி வீட்டுக்கே வந்து பிடிச்சிட்டுப் போயிருவாரு. எனக்கு எதுக்கு இது?

உங்களுக்காகத்தான் முதலில் இதை ஆரம்பித்ததே. சந்தைக்குப் போகிறவருக்கு நிலவரம் கண்ணெதிரே இருக்கிறது. பக்கத்து மாடு என்ன விலைக்குப் போனது என்று டீக்கடையில் நின்றாலே தெரிந்துவிடும். வீட்டு வாசலில் வைத்து விற்பவருக்கு எதிரே இருப்பது ஒரே ஒரு ஆள், அவர் சொல்லும் ஒரே ஒரு விலை. அவர் அந்த வாரம் மூன்று சந்தை பார்த்துவிட்டு வந்திருப்பார். நீங்கள் கடைசியாக மாடு விற்றது இரண்டு வருடத்துக்கு முன்பு.

எங்கள் பக்கம் மாட்டைக் கழுவி, தண்ணி காட்டி, பால் பீச்சுவது பெரும்பாலும் பெண்கள். சந்தையில் மாடு கைமாறும் இடத்தில் அவர்களைப் பார்ப்பது அபூர்வம். குரல் பதிவை ஏழு மணிக்கு வைத்ததற்குக் காரணம் சாயங்காலப் பால் சொசைட்டிக்குப் போய், வீட்டு போன் வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் அது. முன்பு மதியம் இரண்டு மணிக்கு எழுத்தில் அனுப்பினேன். ஆண்கள் மட்டும்தான் படித்தார்கள். அதிலும் பாதிப் பேர் வியாபாரிகள்.

எந்தச் சந்தை என்னைக்குக் கூடுதுன்னு ஒரு தடவை சொல்லிருங்க.

ஈரோடு கருங்கல்பாளையம் புதன், வியாழன். இதில் வியாழன்தான் பெரிது. பொள்ளாச்சி செவ்வாய், வியாழன். புன்செய் புளியம்பட்டி வியாழன். காங்கேயம் இன மாடு மட்டும் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டை. கிருஷ்ணகிரிப் பக்கம் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை, மணப்பாறை செவ்வாய் இரவில் தொடங்கி புதன்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழா, சித்திரை வாக்கில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர் என்று வருடச் சந்தைகளும் உண்டு. அங்கே விலையை வாரச் சந்தையோடு ஒப்பிட வேண்டாம். காளையை அழகு பார்த்து வாங்குகிற இடம் அது.

பேப்பர்லதான் 'பசு இருபதாயிரம் முதல் எழுபதாயிரம் வரை விற்பனை'ன்னு போடறாங்களே, அது போதாதா?

அந்தச் செய்தி பொய்யில்லை. ஆனால் இருபதுக்கும் எழுபதுக்கும் நடுவே உங்கள் மாடு எங்கே நிற்கிறது? அதைத்தான் அது சொல்லாது. இருபதாயிரத்துக்குப் போனது எட்டாம் ஈத்து முடிந்து ஒரு காம்பு அடைத்த மாடாக இருக்கும். எழுபதுக்குப் போனது இரண்டு வேளையும் சேர்த்து இருபது லிட்டர் கறக்கிற எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பாக இருக்கும். "துணி நூறு ரூபாய் முதல் பத்தாயிரம் வரை" என்று சொன்னால் வேட்டி வாங்கப் போகிறவருக்கு என்ன பிரயோசனம்?

பேப்பரில் எனக்கு உதவுவது வரத்து எண்ணிக்கை. இத்தனை பசு, இத்தனை எருமை, இத்தனை கன்று வந்தது என்று வாரா வாரம் போடுவார்கள். அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறேன்.

மஞ்சளுக்குத் தினமும் விலை வருதுங்களே. மாட்டுக்கு மட்டும் ஏன் வாரத்துக்கு ஒருக்கா?

ஈரோட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். விரலி இன்ன விலை, கிழங்கு இன்ன விலை, இத்தனை மூட்டை வந்தது என்று ஒவ்வொரு ஏலத்துக்கும் கணக்கு வந்துவிடுகிறது. மஞ்சளைக் குவிண்டாலில் நிறுக்கலாம், சாம்பிளைக் கையில் வைத்துப் பார்க்கலாம், விலையைச் சீட்டில் எழுதுகிறார்கள். மாட்டில் இதில் ஒன்றும் கிடையாது. நிறுப்பதில்லை, எழுதுவதில்லை, ஒரு மாடு மாதிரி இன்னொரு மாடு இல்லை. 2000-ல் தொடங்கிய அக்மார்க்நெட் என்ற அரசு விலைத் தகவல் தளமும், 2016-ல் வந்த இ-நாம் என்ற மின்னணுச் சந்தையும் விளைபொருளுக்குச் செய்ததை நம் ஊர் மாட்டுக்குச் செய்ய முடியாததற்குக் காரணம் இதுதான். யாரும் சோம்பேறித்தனமாக விட்டுவிடவில்லை.

அமெரிக்காவில் மாட்டை ஏலக் களத்தில் எடை போட்டு விற்கிறார்கள். அங்கே வேளாண் துறையின் சந்தைச் செய்திப் பிரிவு ஒவ்வொரு எடை வகுப்புக்கும், தரத்துக்கும் எத்தனை தலை விற்றது, கூடுதல், குறைவு, சராசரி என்ன என்று வெளியிடும். பெரிய இறைச்சி ஆலைகள் வாங்கும் விலையைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 1999-ல் சட்டமே போட்டார்கள். அவர்களிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது, வகை பிரித்துச் சொல்வதும், எத்தனை மாடு பார்த்தோம் என்று கூடவே சொல்வதும். மற்றபடி அவர்கள் விற்பது இறைச்சிக்கு வளர்த்த மாடு, நாம் விற்பது பால் மாடு. இரண்டு கணக்கும் வேறு.

துண்டுக்குள்ள கையை விட்டுல்ல விலை பேசறாங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?

பேசும்போது தெரியாது. தரகர் இடுப்புத் துண்டை அவிழ்த்து வாங்குபவரின் கைமேல் போடுவார். உள்ளே விரலைப் பிடிப்பார். ஒரு விரல் என்றால் ஒன்று, இரண்டு சேர்த்துப் பிடித்தால் இரண்டு. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார்கள். ஒரு தரம் பக்கத்தில் நின்று துண்டின் அசைவை வைத்தே கணக்குப் போடப் பார்த்தேன். தரகர் என் தோளைத் தட்டி, "சார், நீங்க ஊசி போடற வேலையைப் பாருங்க" என்றார்.

ஆனால் பணம் எண்ணுவது துண்டுக்குள் இல்லை. கயிறு கைமாறி, மாட்டை ஓட்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போது வாங்கியவரைக் கேட்டால் பெரும்பாலானவர் சொல்லிவிடுவார். சரக்கு வண்டி ஓட்டுபவர் ஒருவர், சந்தைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் ஒருவர், நான். மூன்று பேரும் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறோம். சொன்ன விலையை எழுதுவதில்லை, முடிந்த விலையை மட்டும். ஒரு வகைக்கு ஐந்து மாட்டுக்குக் குறைவாகக் கிடைத்தால் அந்த வாரம் அந்த வகைக்கு விலை சொல்லமாட்டேன்.

இன்னொன்று, யாரையும் கேட்காமலே தெரிவது. மதியம் பன்னிரண்டுக்கு வெளியே போகும் வண்டிகளில் வந்த மாடே திரும்பிப் போகிறதா என்று எண்ணுவேன். விலை நன்றாக இருக்கிறது என்று பத்துப் பேர் சொன்னாலும், வண்டி வண்டியாக மாடு திரும்பிப் போனால் அந்த விலையை நம்பவேண்டாம்.

சராசரின்னு சொல்லாம 'நடு விலை'ன்னு ஏன் சொல்றீங்க?

பதினைந்து மாட்டின் விலையைச் சின்னதில் இருந்து பெரிதாக வரிசையாக எழுதுங்கள். எட்டாவதாக நிற்பது நடு விலை. சராசரி எடுத்தால், யாரோ ஒருவர் ஆசைப்பட்டு எண்பதாயிரம் கொடுத்த ஒரே ஒரு மாடு எல்லார் மாட்டு விலையையும் தூக்கிக் காட்டிவிடும். அடுத்த நாள் நீங்கள் வியாபாரியிடம் அந்த எண்ணைச் சொல்லி ஏமாந்து நிற்பீர்கள்.

என்னுதும் ரெண்டாம் ஈத்துதான், அஞ்சு லிட்டர்தான். நீங்க சொன்ன விலைக்கு ஏன் போகலை?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கோபமாகவும் வரும். முதலில் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலை ஐந்தில் இருந்து எட்டு மணிக்குள் வெளியூர் வியாபாரிகள் நல்ல மாட்டைப் பொறுக்கிவிடுவார்கள். பதினொன்றுக்குப் போய் இறங்கினால் மிஞ்சியவரோடுதான் பேசவேண்டும். அவருக்கும் தெரியும், நீங்கள் வண்டி வாடகை கொடுத்துத் திரும்பிப் போக யோசிப்பீர்கள் என்று.

அடுத்து பல். ஈத்தை நீங்கள் வாயால் சொல்லலாம், வயதை மாட்டின் வாய் சொல்லிவிடும். இரண்டு பல் விழுந்து முளைத்திருந்தால் இரண்டு, இரண்டரை வயது. நாலு பல் மூன்று வயது வாக்கில். ஆறு பல் மூன்றரை, நாலு. எட்டும் சேர்ந்துவிட்டால் ஐந்து வயது ஆகப்போகிறது என்று பொருள். எட்டுப் பல் சேர்ந்து தேயவும் தொடங்கிய மாட்டை இரண்டாம் ஈத்து என்றால், நடுவே ஏன் சினை பிடிக்கவில்லை என்று வாங்குபவர் யோசிப்பார். விலை அங்கேயே இரண்டு விரல் இறங்கிவிடும்.

மூன்றாவது மடி. முந்தின நாள் சாயங்காலப் பாலைக் கறக்காமல் மடி கட்டிக் கொண்டுபோகும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. மடி புடைத்து, காம்பு விறைத்து, பால் சொட்டிக்கொண்டு நிற்கும் மாட்டைப் பார்த்து இன்றைக்கு யாரும் மயங்குவதில்லை. மாட்டுக்கு வலி, மடிநோய்க்கு வழி, அதற்குமேல் "இந்த ஆள் மடி கட்டியிருக்கான், பாலைப் பாதியாக எடுத்துக்கோ" என்று தரகர் விலையைக் குறைப்பார். சொசைட்டிப் பால் அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். ஒரு மாடு மட்டும் வைத்திருப்பவருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அப்புறம் சுழி. முதுகில் எங்கேயோ இருக்கும் ஒரு மயிர்ச் சுழிக்காக இரண்டாயிரம் குறைத்துக் கேட்பார்கள். பாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் வாங்குபவர் அதை நம்புகிறாரோ இல்லையோ, நீங்கள் நம்புவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

சந்தையில நாலாயிரம் கூட விக்குதுன்னா வண்டி ஏத்திரலாம்ல?

கணக்குப் போட்டுவிட்டு ஏற்றுங்கள். வீட்டு வாசலில் 42,000 கேட்கிறார், சந்தையில் நடு விலை 46,000 என்று வைத்துக்கொள்வோம். குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) வாடகை போக வர 1,800. தரகு 1,000. சந்தைச் சுங்கச் சீட்டு, கூட வரும் ஆளின் சாப்பாடு, டீ எல்லாம் 400. உங்கள் ஒரு நாள் கூலி 600. மிச்சம் 200 ரூபாய். அதுவும் நடு விலைக்குப் போனால்.

இரண்டு வீட்டு மாடு ஒரே வண்டியில் போனால் கணக்கு மாறும். அதனால்தான் குரல் பதிவின் கடைசியில் "அடுத்த வாரம் யார் போகிறீர்கள்" என்று கேட்கிறேன். இன்னொரு வழியும் உண்டு. சந்தைக்குப் போகாமலே, போனால் எனக்கு நிகரம் இவ்வளவு நிற்கும் என்று வியாபாரியிடம் கணக்கைச் சொல்லி, அதற்குமேல் ஆயிரம் கேட்பது. அவருக்கும் ஒரு நாள் மிச்சம் என்பதால் பல நேரம் ஒத்துக்கொள்வார்.

வத்துன மாடு, காளைக்கன்னு விலையை எதுக்குச் சொல்றீங்க? கேக்கவே சங்கடமா இருக்கு.

சங்கடம் புரிகிறது. என் வீட்டிலும் அம்மா அந்தப் பேச்சை எடுக்கவிடமாட்டார். ஆனால் சங்கடத்தினால் யாரும் பேசாத விலையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இரவில் வந்து, கயிற்றை அவிழ்த்து, கையில் கொடுத்ததை வாங்கிக்கொள்வது என்றே நடக்கிறது. கறவை மாட்டோடு சேர்த்துச் சொன்னால் இரண்டு விலையும் குழம்பும் என்பதால் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். வேண்டாதவர் அதற்குமுன் நிறுத்திக்கொள்ளலாம்.

கறக்காத மாட்டை எடையைப் பார்த்துத்தான் கேட்பார்கள். எடையை நீங்களே தெரிந்துகொள்ளலாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள்முனையில் இருந்து பின் இடுப்பு எலும்பின் முனைவரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். மார்பளவை மார்பளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோ. மார்பு 60, நீளம் 50 என்றால் 60 × 60 × 50 = 1,80,000; வகுத்தால் சுமார் 273 கிலோ. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் "இருநூறு கிலோகூடத் தேறாது" என்று வியாபாரி சொல்லும்போது சிரித்துக்கொள்ளலாம்.

எந்த மாசத்துல வித்தா நல்ல விலை வரும்?

பொதுவாகச் சொல்லலாம். கோடையில் சோளத்தட்டும் தண்ணியும் குறைந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வருவார்கள், விலை படுக்கும். ஜூனில் பள்ளிக்கூட பீஸ் கட்டக் கொஞ்சம் மாடு வரும். மழை பெய்து பச்சை கண்ணில் பட்டதும் விற்க வந்தவரே வாங்க வருவார், விலை நிமிரும். பொங்கல் வாரம் வரத்து குறைவு. மாட்டுப் பொங்கலுக்கு முன்னால் மாட்டை விற்க யாருக்கு மனசு வரும்?

ஓணம், பக்ரீத், கிறிஸ்துமஸ் சமயம் கேரளத் தேவை கூடும். இது கறவை மாட்டைவிட மற்ற மாட்டுக்குத்தான் அதிகம் தெரியும். கறவை மாட்டைப் பொறுத்தவரை மாதத்தைவிட மாட்டின் நிலை முக்கியம். கன்று போட்டு பதினைந்து நாளில் நிற்கும் மாடு சித்திரையிலும் போகும். ஆறு மாதம் கறந்து, சினையும் பிடிக்காத மாட்டைத் தை மாதத்திலும் தள்ளிவிட முடியாது.

எலெக்ஷன் வந்தா மாட்டு விலை எதுக்குங்க விழணும்?

விலை விழுவதற்கு முன்னால் வியாபாரி வருவது நின்றுவிடும். தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்ததும் பறக்கும் படை 50,000 ரூபாய்க்குமேல் ஆவணம் இல்லாத ரொக்கத்தைப் பிடித்துவைக்கும். மாட்டு வியாபாரம் முழுக்க ரொக்கம். ஐந்து மாடு வாங்க வரும் கேரள வியாபாரி இரண்டு, மூன்று லட்சத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் எல்லை தாண்டி வரவேண்டும். அவர் ஏன் வம்பை விலைக்கு வாங்குவார்? 2019, 2021, 2024 தேர்தல்கள் எல்லாவற்றிலும் இதைப் பார்த்தோம். அவசரம் இல்லாதவர் வாக்குப்பதிவு முடியும்வரை பொறுக்கலாம். விற்றே ஆகவேண்டியவர் சந்தை ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கேட்டால் காட்ட வேறு எதுவும் இருக்காது.

சட்டத்தாலும் இப்படி ஆகும். இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று 2017 மே 23-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மே 30-ல் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் தடை கொடுத்தது, ஜூலை 11-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் ஆக்கியது. நடுவே இருந்த வாரங்களில் எது கூடும், எது கூடாது என்று தெரியாமல் வாங்குபவர்கள் தயங்கினார்கள். அந்த மாதிரி சமயத்தில் நிலவரம் சொல்பவரின் வேலை விலை சொல்வதைவிட, என்ன விதி, இன்று அது அமலில் இருக்கிறதா இல்லையா என்று தெளிவாகச் சொல்வது.

நோய் வந்திருக்குன்னு நீங்க சொன்னா விலை விழுந்துருமே. அதை மட்டும் சொல்லாம இருக்கலாம்ல சார்?

முடியாது. கோமாரி (கால், வாய்ப் புண் நோய்) இருக்கும் ஊரில் இருந்து மாடு வருகிறது என்று தெரிந்தும் விலை மட்டும் சொன்னால், அந்த மாட்டை உங்கள் கொட்டகைக்கு நானே ஓட்டிவந்து கட்டியதாக ஆகும். தோல் கழலை நோய் பரவியபோதும் இதே கோரிக்கை வந்தது. அப்போதும் சொன்னேன், விலையும் இறங்கியது, திட்டும் வாங்கினேன்.

விற்காமல் திரும்பிய மாட்டையும் புதிதாக வாங்கியதையும் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். தனித் தொட்டி, தனிப் பக்கெட். கடைசியாக அந்த மாட்டைக் கவனித்துவிட்டுக் கைகால் கழுவுங்கள். கோமாரித் தடுப்பூசியும் காதில் பன்னிரண்டு இலக்கத் தோடும் இருக்கிற மாட்டுக்கு வெளிமாநில வியாபாரி கூடுதலாகத் தருகிறாரோ இல்லையோ, கேள்வி குறைவாகக் கேட்பார்.

ஆவின் விலை ஏறினா மாட்டு விலையும் ஏறுமா?

ஏறும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2022 நவம்பரில் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் கூடியது: பசும்பால் 32-ல் இருந்து 35, எருமைப் பால் 41-ல் இருந்து 44. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை என்று இன்னொரு 3 ரூபாய். நாளைக்கு எட்டு லிட்டர் ஊற்றுகிறவருக்கு 3 ரூபாய் என்பது மாதம் 720 ரூபாய். மாடு வாங்க வருபவரும் இதே கணக்கைத்தான் போடுவார். அதோடு புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு என்ன விலை என்றும் பார்ப்பார். அவை ஏறியிருந்தால் அந்த 720 காணாமல் போகும். அதனால் பால் விலையையும் தீவன விலையையும் ஒரே மூச்சில் சொல்கிறேன்.

அடுத்த மாசம் ஏறுமா இறங்குமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

சொல்லமாட்டேன். எந்த மாதம் எப்படி இருக்கும் என்று மேலே பொதுவாகச் சொன்னதுதான் எனக்குத் தெரிந்த ஜோசியம். வேளாண் பல்கலைக்கழகம் பயிர்களுக்கு விலைக் கணிப்பு வெளியிடுகிறது. அவர்களிடம் பல வருடத்து விலை வரிசை இருக்கிறது. என்னிடம் இருப்பது டீக்கறை படிந்த நாலு நோட்டு.

விலை தெரிஞ்சுக்கிட்டதால யாருக்காவது நிஜமா கூடக் கிடைச்சிருக்கா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

இரண்டு விதமாகவும் சான்று இருக்கிறது. வடக்குக் கேரளத்தில் செல்போன் வந்த காலத்தில் மத்தி மீன் விலையை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் வருடக்கணக்கில் எடுத்துப் பார்த்தார். 2007-ல் வெளியான அந்த ஆய்வில், கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்ப முடிந்ததால், கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது, மீனவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம் என்று தெரிந்தது. ஆனால் மகாராஷ்டிரத்தில் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியில் விலை அனுப்பிப் பார்த்த ஆய்வில், அவர்கள் வாங்கிய விலையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் தெரியவில்லை.

எனக்குப் படுவது இதுதான். படகைத் திருப்ப முடிந்தவருக்கு விலைத் தகவல் காசு. திருப்ப முடியாதவருக்கு அது வெறும் செய்தி. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்ட வீட்டுக்கு என் குரல் பதிவால் ஒரு பைசாவும் கூடாது. வீட்டுக்காரர் விலையைத் தெரிந்துகொண்டு வயிற்றெரிச்சல்தான் படுவார். ஒரு வாரம் பொறுக்க முடிந்தவருக்கு, இரண்டு வியாபாரியைக் கூப்பிட முடிந்தவருக்கு, பக்கத்து வீட்டோடு சேர்ந்து வண்டி பிடிக்க முடிந்தவருக்கு, ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கிடைத்திருக்கிறது. எல்லாருக்கும் கிடைத்தது என்று சொன்னால் பொய்.

உங்க குரூப்புல வியாபாரிங்களும் இருக்காங்களாமே. நீங்க யார் பக்கம்?

இருக்கிறார்கள், நான்தான் சேர்த்தேன். அவர்களை வெளியே வைத்தாலும் பதிவு பத்து நிமிடத்தில் அவர்கள் கைக்குப் போய்விடும். உள்ளே இருப்பதால் ஒரு நன்மை: நான் விலையைத் தப்பாகச் சொன்னால் முதலில் கூப்பிட்டுச் சண்டை போடுவது அவர்கள்தான். கூட்டிச் சொன்னாலும் சண்டை, குறைத்துச் சொன்னாலும் சண்டை. குறைத்துச் சொன்னால் எதற்குச் சண்டை என்கிறீர்களா? அவர்களும் விற்பவர்கள்தானே.

விவசாயிக்கு நல்லது என்று விலையை ஆயிரம் ஏற்றிச் சொல்லும்படி சிலர் கேட்டதுண்டு. ஏற்றிச் சொன்னால் அந்த விலைக்காகக் காத்திருந்து, தீவனம் போட்டு, மாட்டை வற்றவிட்டுக் குறைந்த விலைக்கு விற்பவரும் விவசாயிதான்.

என்ன விலைக்கு வித்தேன்னு உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிராதா?

தெரியாது. பேர், ஊர், மாட்டின் நிறம் எதையும் சொல்வதில்லை. ஒரு வகைக்கு ஐந்து மாடாவது வேண்டும் என்று முன்பே சொன்னேன் அல்லவா, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே ஒரு முர்ரா எருமை விற்ற வாரத்தில் அதன் விலையைச் சொன்னால், யார் வீட்டு எருமை என்று சொல்லவே வேண்டியதில்லை.

நீங்க சொன்னதுல தப்பு வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. ஒரு ஐப்பசியில் அடைமழை. நான் சந்தைக்குப் போகவில்லை, வண்டிக்காரரும் வரவில்லை. டீக்கடைக்காரர் போனில் சொன்ன மூன்று விலையை வைத்துக்கொண்டு, மீதியைப் போன வார நோட்டில் பார்த்து "ஏறக்குறைய அதே விலை" என்று சொல்லிவிட்டேன். அன்று மழையினால் வரத்து பாதிகூட இல்லை, வந்த நல்ல மாடு மூவாயிரம் கூடப் போயிருக்கிறது. மறுநாள் காலை ஒரு அம்மா என் விலையை நம்பி வாசலில் மாட்டைக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து விஷயம் தெரிந்து கூப்பிட்டார். திட்டவில்லை. "அடுத்த தடவை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருங்க தம்பி" என்றார்.

அடுத்த வியாழன் பதிவின் முதல் வரியிலேயே தப்பைச் சொன்னேன். அன்றில் இருந்து போகாத வாரம் "இன்று விலை இல்லை" என்று ஒரு வரி மட்டும் போகும். ஏழு மணிக்கே போகும். எதுவும் வராமல் போனால், மழையில் பதிவு வரவில்லையா, எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று நாற்பது போன் வரும்.

எங்க வட்டாரத்துலயும் இதை ஆரம்பிக்கணும் சார். எங்க இருந்து தொடங்கறது?

விரிவாக்க வேலையில் இருக்கும் இளைஞர்கள் கேட்பது இது. ஒரு சந்தை, ஒரு வகை மாடு, ஒரு நேரம். இதற்குமேல் முதல் மூன்று மாதம் வேண்டாம். உங்கள் பக்கம் அதிகம் கைமாறும் வகை எது என்று பால் சொசைட்டியில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். அந்த வகையின் முடிந்த விலையை மட்டும் எழுதுங்கள். நோட்டில் தேதி, நேரம், இனம், ஈத்து, பல், பால், விலை என்று ஏழு கட்டம் போதும். கட்டம் கூடினால் சந்தை நெரிசலில் எழுத முடியாது, மாடு கையில் கொம்பால் தட்டும்.

வேளாண் அறிவியல் மையத்திலோ கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையத்திலோ பேசிப் பாருங்கள்; பயிற்சிக்கு வருபவர்களின் எண்கள் அங்கே கிடைக்கும். தரகர்களிடம் மறைக்காதீர்கள், முதல் வாரமே போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். டீக்கடைக்காரருக்கு டீ நீங்கள் வாங்கிக் கொடுங்கள். முதல் சில வாரம் பதிவைக் கேட்டு யாரும் பதிலே போடமாட்டார்கள். ஒரு வாரம் பத்து நிமிடம் தாமதமாக அனுப்பிப் பாருங்கள், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.